30 கிராம் என்பது யாருடைய கணக்கு?

2021 டிசம்பரில் சென்னைக்காரர் ஒருவர், மணலியில் தெருநாய்களுக்குப் போடுவதற்காக மேரி பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று அச்சாகியிருந்தது. பிரித்தபோது 15 தான் இருந்தன. கடைக்காரரிடம் கேட்டார், நிறுவனத்திடம் கேட்டார். சரியான பதில் இல்லை. விஷயம் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனது. 2023-ல் ஆணையம் அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது. ‘ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சம்’ என்று நாடு முழுக்கச் செய்தி வந்தது. படித்தவர்களில் பலர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகிற வழக்கு அல்ல அது. பிஸ்கட்டை எண்ணிக்கையில் விற்கவில்லை, எடையில்தான் விற்கிறோம் என்று நிறுவனம் வாதிட்டது. சரி, எடையையே பார்ப்போம் என்றால், உறையில் போட்டிருந்தது 76 கிராம். 15 பிஸ்கட் இருந்த பாக்கெட்டின் எடை 74 கிராம். இந்த அளவுப் பொட்டலத்தில் 4.5 கிராம் வரை குறைய விதியே இடம் தருகிறது என்றது நிறுவனம். தன்னியல்பில் எடை மாறக்கூடிய பொருளுக்குத்தான் அந்தச் சலுகை, பிஸ்கட்டுக்கு அல்ல என்று சொல்லி ஆணையம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

இந்த எண்களைச் சற்று உட்கார்ந்து வகுத்துப் பார்க்க வேண்டும். 76 கிராமுக்கு 16 பிஸ்கட் என்றால் ஒன்று 4.75 கிராம். 74 கிராமுக்கு 15 என்றால் ஒன்று 4.93 கிராம். அதாவது பாக்கெட்டின் எடை குறைந்திருக்கிறது, ஆனால் அதிலிருந்த ஒவ்வொரு பிஸ்கட்டும் உறை சொல்வதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கனமாக இருந்திருக்கிறது. காசு கொடுத்தவருக்கு நஷ்டம். அதே பாக்கெட்டிலிருந்து, ‘டீயோடு இரண்டு பிஸ்கட், அதற்கு மேல் வேண்டாம்’ என்று டாக்டர் சொன்னபடி எண்ணிச் சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிக்கோ, கணக்கு எதிர்த்திசையில் தவறியிருக்கிறது; அவர் நினைத்ததைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார். இந்த ஒரு பாக்கெட்டில் வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அது காட்டிக்கொடுக்கும் ஓட்டை பெரிது. உணவுப் பொட்டலத்தின் மேல் மூன்று அளவுகள் இருக்கலாம்: மொத்த நிகர எடை, உள்ளே இருக்கும் எண்ணிக்கை, ஒரு முறை பரிமாறும் அளவு. முதலாவதைத் தராசில் வைத்துப் பார்க்கச் சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். உடம்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட மூன்றாவதை நிறுவனமே தீர்மானிக்கிறது. அதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நிகர எடை எப்படி ஒரு வாக்குறுதியோ, பரிமாறும் அளவும் அப்படியே வாக்குறுதிதான். அதற்கும் அதே தராசு வர வேண்டும்.

எடைச் சட்டத்தைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அது யோசித்து எழுதப்பட்ட சட்டம். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ன் பொட்டலப் பொருட்கள் விதிகளும் ஒரு தொகுதியிலிருந்து மாதிரிப் பொட்டலங்களை எடுத்து மூன்று கேள்விகள் கேட்கின்றன. சராசரி எடை, உறையில் சொன்ன எடைக்குக் குறையாமல் இருக்கிறதா? அனுமதித்த பிழை வரம்பைத் தாண்டிக் குறைந்த பொட்டலங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் இருக்கின்றனவா? அந்த வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குறைந்த பொட்டலம் ஒன்றாவது உண்டா? பிழை வரம்பு எடைக்கு ஏற்ப மாறும். 50 கிராம் வரை 9 சதவீதம். 50 முதல் 100 கிராம் வரை 4.5 கிராம், 200 முதல் 300 வரை 9 கிராம், 500 முதல் 1,000 வரை 15 கிராம், அதற்கு மேல் 10 கிலோ வரை 1.5 சதவீதம். எந்த இயந்திரமும் ஒவ்வொரு பொட்டலத்தையும் மில்லிகிராம் சுத்தமாக நிரப்பாது என்பதால் இந்தத் தளர்வு நியாயமே. பாக்கெட்டில் பாதி காற்று என்கிற பழைய புகாரையும் இதில் சேர்க்க வேண்டியதில்லை. சிப்ஸ் நொறுங்காமலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் இருக்க அடைக்கும் நைட்ரஜன் அது, எடைக் கணக்கில் வராது.

ஆனால் தளர்வு என்பது இரு பக்கமும் ஊசலாடும் பிழைக்காகக் கொடுக்கப்பட்டது. சில பொட்டலம் கூடும், சில குறையும், சராசரி நிற்கும். பிரித்துப் பார்த்த பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே திசையில் குறைந்தால் அதை ஊசலாட்டம் என்று சொல்ல முடியாது. நிரப்பும் இயந்திரத்தை அப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். திருவள்ளூர் ஆணையம் 4.5 கிராம் சலுகைக்குக் கொடுத்த விளக்கத்தோடு சட்டம் படித்தவர்கள் மாறுபடலாம். மாறுபட்டாலும் சராசரி விதி அப்படியேதான் இருக்கிறது. காய்ந்து எடை போய்விட்டது என்ற சமாதானமும் பிஸ்கட்டுக்குப் பொருந்தாது. ரொட்டி காய்ந்தால் எடை இழக்கும், பிஸ்கட்டோ சென்னைக் காற்றில் ஈரம் இழுத்து எடை கூடவே செய்யும். கேரளத்தில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வந்த வழக்கில் இந்தச் சிக்கல்கூட இல்லை. 300 கிராம் என்று போட்ட இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளில் ஒன்று 30 கிராமுக்கு மேலும், மற்றது 50 கிராமுக்கு மேலும் குறைந்திருந்தன. விதி அனுமதிப்பது 9 கிராம். 2024-ல் அந்த ஆணையம் வழக்குச் செலவோடு சேர்த்து 60,000 ரூபாய் தரச் சொன்னது. எடை விஷயத்தில் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதையாவது இந்த இரண்டு வழக்குகளும் காட்டுகின்றன.

உறையில் சொன்ன அளவு சரியாக இருந்தாலே போதாது என்பதற்கு 2022-ல் நடந்த எண்ணெய் விவகாரம் நல்ல சாட்சி. சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 1 லிட்டர் என்று அச்சிட்டு, பக்கத்திலேயே 60 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலையையும் சில நிறுவனங்கள் குறிப்பிட்டுவந்தன. சூடானால் எண்ணெய் விரியும். அதே 1 லிட்டருக்குள் குறைந்த எடை எண்ணெய் அடங்கும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொன்ன கணக்குப்படி 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். பாக்கெட் ஒன்றுக்கு 26 கிராம் வித்தியாசம். உறையில் எழுதிய ஒரு எழுத்துகூடப் பொய் அல்ல. ஆனால் எந்த மளிகைக் கடையும் எந்தச் சமையலறையும் 60 டிகிரியில் இல்லை. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போடுங்கள், கூடவே எடையையும் போடுங்கள் என்று துறை 2023 ஜனவரி 15 வரை கெடு கொடுத்தது. அளவு உண்மையாகவே இருக்கலாம். எந்த நிலையில் அளப்பது என்பதை விற்பவர் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அந்த உண்மையால் வாங்குபவருக்குப் பயனில்லை. அரசு இதைப் புரிந்துகொண்டு எண்ணெயில் திருத்தியது. பரிமாறும் அளவில் நடப்பதும் இதே காரியம்தான். அங்கே இன்னும் கை வைக்கவில்லை.

இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, 100 கிராமில் எவ்வளவு சத்து என்று ஒரு கணக்கும், ஒரு முறை பரிமாறும் அளவில் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் வந்துவிடுகிறது என்று இன்னொரு கணக்கும் உறையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தேவை என்பது 2,000 கிலோ கலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் (5 கிராம் உப்பு) என்று விதியே நிர்ணயித்திருக்கிறது. வகுக்கும் எண் எல்லோருக்கும் பொது. வகுபடும் எண் நிறுவனத்தின் கையில். மிக்சருக்கு 20 கிராமா, 30 கிராமா, 50 கிராமா என்று பண்டவாரியாகக் கட்டிப்போடும் அட்டவணை நம்மிடம் இல்லை. கணக்குக்காக 150 கிராம் காரப் பண்டப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம். பரிமாறும் அளவு 30 கிராம் என்று போட்டால் லேபிளில் வரும் எண் 12 சதவீதம். 20 கிராம் என்று போட்டால் 8 சதவீதம். மாலையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஒருவர் முழுப் பாக்கெட்டையும் காலி செய்தால் உடம்புக்குள் போவது 60 சதவீதம். பண்டத்தில் ஒரு சிட்டிகை உப்பைக் குறைக்காமலேயே, பரிமாறும் அளவை மட்டும் மாற்றி, லேபிளை நல்லபிள்ளை ஆக்கிவிட முடியும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவில் விற்கும் டிக் டேக் மிட்டாயில் பார்க்கலாம். பரிமாறும் அளவு ஒரு மிட்டாய், எடை 0.49 கிராம். ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவான சர்க்கரை இருந்தால் பூஜ்யம் என்று எழுதலாம் என்பது அந்நாட்டு விதி. ஆகவே பெரும்பகுதி சர்க்கரையால் ஆன அந்த மிட்டாயின் ஊட்டச்சத்துப் பட்டியலில் சர்க்கரைக்கு நேரே பூஜ்யம் இருக்கிறது. விதியை யாரும் மீறவில்லை.

அதே அமெரிக்காவிடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. அங்கே பரிமாறும் அளவு என்பது ஒருவர் சாப்பிட வேண்டிய அளவு அல்ல, மக்கள் வழக்கமாக ஒரு தடவையில் சாப்பிடும் அளவு என்று 1990-ம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. அதற்காக உணவு உட்கொள்ளல் ஆய்வுகளை வைத்துப் பண்டவாரியாக அடிப்படை அளவுகளை அரசு வெளியிடுகிறது. மக்கள் சாப்பிடும் அளவு கூடிவிட்டது என்று தெரிந்ததும் 2016-ல் அட்டவணையைத் திருத்தினார்கள். ஐஸ்கிரீம் அரைக் கப்பிலிருந்து மூன்றில் இரண்டு கப் ஆனது; குளிர்பானம் 8 அவுன்ஸிலிருந்து 12 அவுன்ஸ் ஆனது. அடிப்படை அளவைப் போல இரண்டு மடங்குக்குக் குறைவான பாக்கெட் என்றால், அதில் இரண்டு பேர் சாப்பிடலாம் என்று எழுத முடியாது. முழுப் பாக்கெட்டும் ஒரே பரிமாறல். இரண்டு முதல் மூன்று மடங்கு வரை என்றால், பரிமாறும் அளவுக்கு ஒன்று, முழுப் பாக்கெட்டுக்கு ஒன்று என இரண்டு பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். நம் ஊரில் உடனே நடைமுறைக்குக் கொண்டுவரக்கூடியது இந்த ஏற்பாடுதான். 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டை வாங்கும் பள்ளிக்கூடப் பிள்ளை அதைப் பாதியில் மடித்து நாளைக்கு எடுத்து வைப்பதில்லை.

அட்டவணை மட்டும் போதுமா என்றால் போதாது. அங்கும் கிராம் நழுவுகிறது. பிரபலமான 24 நொறுக்குத் தீனிகளை ஆய்வகத்தில் அளந்து 2013-ல் ‘ஒபிசிட்டி’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, லேபிள் சொன்னதைவிடக் கலோரி 4.3 சதவீதம் கூடுதல் என்று கண்டது. எண்களை இப்படி ஒரு பக்கம் சாய வைக்கக்கூடிய காரணம் ஒன்று எடைச் சட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பொட்டலத்தில் எடை குறைந்தால் தண்டனை, கூடினால் எதுவும் இல்லை. எனவே எச்சரிக்கையான நிறுவனம் சற்றுக் கூடுதலாகவே நிரப்பும். சட்டைப் பைக்கு அது நல்லது. உப்பையும் சர்க்கரையையும் எண்ணிச் சாப்பிட வேண்டியவருக்கு அது பிழை. எடைச் சட்டம் வாங்குபவரின் காசைக் காக்க வந்தது. சாப்பிடுபவரின் உடம்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஒரே கிராமை இரண்டு பேர் இரண்டு காரணத்துக்காகப் பார்க்கிறார்கள் என்பதை இனியாவது விதி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதே தொடர்பில் இன்னொன்று: சதவீதக் கணக்கில் மிகத் தாராளமான பிழை வரம்பு, 9 சதவீதம், போய்ச் சேர்வது 50 கிராமுக்கு உட்பட்ட சிறு பாக்கெட்டுகளில். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு; சிறு பாக்கெட்டில் ஒரே ஒரு சிப்ஸ் துண்டு கூடினாலும் குறைந்தாலும் எடை கணிசமாக மாறும். ஆனால் அந்தப் பாக்கெட்டுகளை வாங்குகிறவர்கள் குழந்தைகளும் அன்றாடங்காய்ச்சிகளும் என்பதால், அவற்றில்தான் சோதனை அடிக்கடி நடக்க வேண்டும்.

100 கிராமுக்கான கணக்குதான் உறையிலேயே இருக்கிறதே, வேண்டியவர் அதைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். இரண்டு பண்டங்களை ஒப்பிட அது மிக நல்ல கணக்கு. அதை விட்டுவிடவே கூடாது. ஆனால் ‘இது எனக்கு அதிகமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சதவீதம். அந்தச் சதவீதமோ பரிமாறும் அளவில் மட்டுமே தரப்படுகிறது. கடையில் நின்றுகொண்டு, பொடி எழுத்தைப் படித்து, 100 கிராம் எண்ணைத் தான் சாப்பிடும் கிராமால் பெருக்கி, 2,000-ஆல் வகுத்துப் பார் என்று ஒரு நோயாளியிடம் சொல்வது உதவி ஆகாது. யாரும் லேபிளைப் படிப்பதில்லை, இதற்கு ஏன் இத்தனை பாடு என்பதும் இதோடு சேர்ந்தே வரும் வாதம். படிக்க முடியாதபடி வைத்துவிட்டுப் படிக்கவில்லை என்று சொல்வது முறையல்ல. தவிர, பள்ளி உணவகத்தில் எதை விற்கலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் உணவு ஆலோசகருக்கும் மருத்துவருக்கும் அடிப்படை அந்த எண்தான், அவர்கள் படிக்கிறார்கள்.

30 கிராம் என்பது அறிவுரை மாதிரி, மக்கள் அளவோடு சாப்பிடட்டும் என்றுதான் சிறிதாகப் போடுகிறோம் என்று தொழில்துறை சொல்லலாம். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பரிமாறும் அளவைப் பெரிதாக எழுதினால், அவ்வளவு சாப்பிடலாம் போலிருக்கிறது என்று மக்கள் எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற கவலை அமெரிக்காவில் 2016 திருத்தத்தின்போதும் எழுந்தது. ஆனால் அறிவுரை என்றால் அது அறிவுரையாக இருக்க வேண்டும்: ‘இவ்வளவுக்கு மேல் வேண்டாம்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும், அந்த அளவில் பிரித்து அடைத்துத் தர வேண்டும். ஒரே உறையில் 150 கிராமை அடைத்து, வாயைத் திறந்தால் மூட வழியில்லாமல் செய்துவிட்டு, பின்பக்கத்தில் 30 கிராம் என்று எழுதுவதில் அறிவுரை எங்கே இருக்கிறது?

சிறு உற்பத்தியாளர்கள் மேல் சுமை ஏறும் என்பது உண்மையான கவலை. மணப்பாறை முறுக்கும் சாத்தூர் சேவும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இன்னும் பல இடங்களில் கையால் நிறுத்துக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு கடலை மிட்டாயும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்று சொன்னால் அந்தத் தொழில் தாங்காது. சொல்ல வேண்டியதும் இல்லை. சிறு பாக்கெட்டுக்கு முழுப் பாக்கெட்டே ஒரு பரிமாறல் என்று விதி வந்தால், அவர்கள் ஏற்கெனவே நிறுத்துப் போடும் நிகர எடையே போதும். புதிதாக எதையும் அளக்க வேண்டாம். பெரிய பாக்கெட்டுக்கு, பண்டவாரி அட்டவணையை அரசே தந்துவிடுவதால் யோசிக்கும் வேலையும் மிச்சம். உறையில் ‘ஒரு பரிமாறல் 2 பிஸ்கட்’ என்று எண்ணிக்கையில் எழுதும் பெரிய நிறுவனத்திடம் மட்டும், அந்த 2 பிஸ்கட்டும் சொன்ன கிராமில் இருக்கின்றனவா என்று கேட்டால் போதும். அவர்களுடைய ஆலையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்து, குறைந்ததைத் தள்ளிவிடும் இயந்திரம் இருக்கிறது. துண்டின் எடையைச் சோதிப்பது அவர்களுக்குப் புதிய வித்தை அல்ல.

யார் செய்வது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. உணவு லேபிளைப் பார்ப்பது உணவு பாதுகாப்புத் துறை. தொழிலாளர் துறை ஆய்வாளர் தராசோடு வருகிறார், பரிமாறும் அளவு அவர் சட்டத்தில் இல்லை. உணவு பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார், கலப்படமும் கெட்டுப்போனதும் அவர் கவனம். நடுவில் இருக்கும் கிராமைப் பார்க்க ஆள் இல்லை. இரண்டு துறைகளும் ஆண்டுக்குச் சில முறை சேர்ந்து, அதிகம் விற்கும் பிஸ்கட், நூடுல்ஸ், மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டுகளை எடுத்து, நிகர எடையையும் துண்டின் எடையையும் பரிமாறும் அளவையும் அளந்து, பெயரோடு முடிவை வெளியிடலாம். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தேசிய மாதிரி ஆய்வின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கில், உணவுச் செலவுகளிலேயே மிகப் பெரிய பங்கு பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற இனத்துக்குத்தான்: மொத்தச் செலவில் கிராமத்தில் 9.62 சதவீதம், நகரத்தில் 10.64 சதவீதம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. இந்த நேரத்தில்தான் உறையின் எண்களைப் பெரிதாக்கும் பேச்சு நடக்கிறது. மொத்தச் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஆகியவற்றைத் தடித்த பெரிய எழுத்தில் போட வேண்டும் என்ற திட்டத்துக்கு உணவு பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் தந்தது. உறையின் முன்பக்க எச்சரிக்கையை விரைந்து முடிவு செய்யும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. 2024 திட்டத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: தடித்த எழுத்தில் வரப்போவது ஒரு பரிமாறலுக்கான சதவீதம். பரிமாறும் அளவை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 8 சதவீதம் பெரிய எழுத்தில் 8 சதவீதம் ஆகும். அச்சுக்குப் போகும் முன் அட்டவணை வர வேண்டும். அதுவரை தடித்த எழுத்தில் 100 கிராமுக்கான எண்ணையும் முழுப் பாக்கெட்டுக்கான எண்ணையும் போடச் சொல்லலாம், அந்த இரண்டையும் எந்த நிறுவனமும் தன் வசதிக்கு மாற்ற முடியாது.